முள் போட்டு மூடிய ஊர்

அந்தச் சத்தம் முதலில் எனக்குத்தான் கேட்டது. எவர்சில்வர் டம்ளரை ஜன்னல் கம்பியில் தட்டுகிற சத்தம். ஒரு தட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு தட்டு.

வேறு எந்த ஊராக இருந்தாலும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். நாங்கள் நின்றிருந்த ஊரில் ஆளே இல்லை. காலை வெயில் ஏறத் தொடங்கிவிட்ட நேரம். தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள், எல்லா வீட்டிலும் பூட்டு. வாசலில் குடங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கட்டுத்தறியில் மாடு இல்லை, சாணம் மட்டும் ஈரமாகக் கிடந்தது. கோழி இல்லை. நாய் இல்லை. ஹெல்மெட் போட்ட இரண்டு பொம்பளைகள் சைக்கிளில் வந்து நிற்கிறார்கள், குரைக்க ஒரு நாய் இல்லையென்றால் அது என்ன ஊர்?

ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

“எக்கா, வா போயிடலாம். எனக்கு இன்னாமோ மாரி கீது.”

எனக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் வாய், “இரு, இன்னான்னு பாத்துட்டுப் போலாம்” என்றது. என் வாய்க்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே ஒத்துப்போவதில்லை.

மறுபடி ஒரு தட்டு.

கேரியர் இல்லாத சைக்கிள்

போன வாரம் எங்கள் கம்பெனி கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதில் சிலருக்குக் கோபம். இந்த வாரம் கம்பெனிக்கு வெளியே போகிறேன், சாம்பார்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. ஸ்டெல்லா அதே கம்பெனியில் பேக்கிங். என்னைவிட இளையவள், என்னைவிட உயரம். மேல் ரேக்கில் பெட்டி எடுக்க வேண்டுமென்றால் ஆண்களே அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் இருவருக்கும் சைக்கிள் பைத்தியம் பிடித்தது ஒரு இன்ஜினியரால். வேலை மாறிப் போகும்போது தன்னுடைய கிராவல் சைக்கிளை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். சரளைக்கல் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. அகலமான டயர், ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, மணி கிடையாது. என் மாமியார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “பாதி சைக்கிள ஏமாத்தி வித்துட்டான்” என்றார். அடுத்த வருஷமே ஸ்டெல்லாவும் எங்கேயோ தேடிப்பிடித்து அதே மாதிரி பாதி சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டாள்.

பேட்டைக்குள் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், டிரெய்லர் லாரிக்குக் கண் கிடையாது. ஒரு தடவை ஒரு டிரெய்லர் என் முழங்கையை உரசினாற்போலப் போனது. வண்டி போய்க்கொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது, அதன் கடைசிச் சக்கரம் தாண்டும்வரை நான் மூச்சே விடவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன். இனி ஓட்டினால் வண்டியே வராத இடத்தில்தான் ஓட்டுவேன்.

அப்படிக் கிடைத்ததுதான் ஊத்துக்கோட்டைக்கு மேற்கே இருக்கிற காடு. ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் குட்டியானை வண்டி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காய்கறி ஏற்ற ஊத்துக்கோட்டை சந்தைக்குப் போவார். காலி வண்டியில் எங்கள் சைக்கிள்களைப் படுக்க வைத்துக்கொண்டு போய் இறக்கிவிடுவார். கால்வாய்க் கரையோடு கொஞ்ச தூரம், அப்புறம் தைல மரத் தோப்பு, அப்புறம் தார் முடிந்து செம்மண்ணும் சரளையும். மேடு ஏறினால் குன்றுகள். எது நம்ம மாநிலம், எது ஆந்திரா என்று போனுக்கே குழப்பம் வந்துவிடும்.

டயருக்குக் கீழே கல் நெரிகிற சத்தம் ஒன்றுதான் அங்கே சத்தம். பச்சை இலையின் வாசனையும் காய்ந்த சருகின் வாசனையும் மாறி மாறி வரும். ஒரு ஹாரன் கிடையாது. ஆள் அரவமே இல்லாத பாதை எங்கே இருக்கிறது என்று வாரம் முழுக்க மேப்பில் தேடிக்கொண்டிருப்பேன். ஆள் அரவமே இல்லாத ஊர் ஒன்று கிடைக்கும் என்று மட்டும் நினைக்கவில்லை.

நான் ஸ்டெல்லாவைத் திட்டிய கதை

தட்டுச் சத்தத்துக்குப் போவதற்கு முன் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

இருவரும் சேர்ந்து ஓட்டத் தொடங்கிய முதல் வருஷம், ஒரு விரத நாளில், பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஸ்டெல்லாவோடு மேடு ஏறப் போனேன். புண்ணியமும் கிடைக்கும், உடம்பும் இளைக்கும் என்று கணக்கு. பாதி மேட்டில் கால் என்னுடையதாக இல்லை. வியர்த்துக் கொட்டியது. கண்ணுக்கு எதிரே மரங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அப்போது நான் ஸ்டெல்லாவைப் பார்த்து, “டீ, என் டிபன் பாக்ஸ எங்கடி வெச்ச, திருட்டு முண்ட” என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. அவள் இன்றுவரை மறக்கவில்லை.

சர்க்கரை அடியோடு இறங்கிப்போனால் மனுஷன் அப்படித்தான் ஆவான், குடித்தவன் மாதிரி. ஸ்டெல்லா பயந்துபோய் அவள் பையிலிருந்த ஆரஞ்சு குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்து என் வாயில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் எனக்கு உலகம் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

அதற்குப் பிறகு குளுக்கோஸ் இல்லாமல் நாங்கள் சைக்கிள் எடுப்பதில்லை. அந்த ஆரஞ்சு ருசி எனக்கு எங்கே வந்தாலும் தெரியும். நாக்கின் ஓரத்தில் லேசாகக் குளிரும், தொண்டையில் மருந்துக் கடை வாசனை அடிக்கும்.

முள்ளைத் தூக்கித் தாண்டினோம்

பொங்கல் முடிந்த சமயம், குளிர் இன்னும் விடவில்லை. புதிதாக ஒரு பாதை பிடித்திருந்தோம். காட்டை விட்டு இறங்கி, ஒரு ஊரின் தெரு வழியாகப் போய், அந்தப் பக்கத்துக் குன்றின் அடிவாரத்தில் மறுபடி சரளையைப் பிடிக்க வேண்டும். அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஊர் முகப்பில் பாதையை அடைத்து முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு ஆள் உயரத்துக்கு வேலிகாத்தான் முள். நடுவில் வேப்பிலைக் கொத்து, மஞ்சள் துணி.

“எக்கா, இது இன்னாமோ சாமி விசயம். சுத்திக்கினு போலாம்” என்றாள் ஸ்டெல்லா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சை விட்டுவிட்டு என்னோடு வருகிறவள் சொல்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற எனக்கு அது உறைக்கவில்லை. திருவிழாவுக்குக் கட்டிய தோரணம் சரிந்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

கிராவல் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. விழுந்த மரமா, இரும்புக் கேட்டா, பள்ளமா, எது குறுக்கே வந்தாலும் வண்டியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு தாண்டிவிடுவோம். திரும்பிப் போவது என்பது எங்கள் அகராதியில் இல்லை. ஓரமாக முள் தணிந்திருந்த இடத்தில் ஒரு தாண்டு தாண்டி உள்ளே வந்துவிட்டோம்.

வந்து பார்த்தால் இப்படி ஒரு தெரு. நோய் வந்து ஊரே செத்துவிட்டதா, எல்லாரையும் யாராவது பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா என்றெல்லாம் மனது ஓடியது. கோடம்பாக்கம்கூட அவ்வளவு வேகமாகக் கதை பண்ணாது. அப்போதுதான் அந்தத் தட்டு.

காலி டம்ளர்

கடைசிக்கு முந்தின வீடு. வாசலில் பூட்டு தொங்குகிறது. பக்கத்து ஜன்னலில் கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து தரையில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் பேட்டையில் இரும்புக் கம்பெனிக்காரர்கள் போடுகிற நீல யூனிபார்ம். கையில் டம்ளர். கண் திறந்திருக்கிறது, எங்களைப் பார்க்கவில்லை.

“அண்ணே, இன்னாண்ணே ஆச்சு?”

“ரிலீவர் வந்தாச்சா?” என்றார். நாக்கு குழறியது. “போ... எறங்கு கீய... யார்ரா மேல ஏத்துனது இவள?”

“நல்லா ஊத்திக்கினு கெடக்கறான்” என்றாள் ஸ்டெல்லா. “ஊரெல்லாம் எங்கயோ போயிருக்கு, இவரு சௌரியமா குந்திக்கினு அடிச்சிருக்காரு. வாக்கா, பேஜாரு.”

நானும் சைக்கிளைத் திருப்பிவிட்டேன். ஒரு காலைப் பெடலில் வைத்துக்கூட விட்டேன். ஏனோ மறுபடி ஒரு தடவை பார்த்தேன்.

அவர் டம்ளரை வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். தலையை அண்ணாந்து, தொண்டைக்குழி ஏறி இறங்க, கடகடவென்று. டம்ளரில் ஒன்றும் இல்லை. குடித்து முடித்துவிட்டுக் காலி டம்ளரை மறுபடி கம்பியில் தட்டினார்.

 அந்தக் குளிரில் அவர் சட்டை நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. சாராய வாசனை துளிகூட இல்லை.

“ஸ்டெல்லா, இது சரக்கு இல்லடி. அன்னிக்கு எனக்கு வந்துச்சே, அது!”

கதவைத் தள்ளிப் பார்த்தோம். முன்னால் பூட்டு, பின்னால் உள்தாழ்ப்பாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். போன் இரண்டு மாநில டவருக்கும் நடுவில் திண்டாடிவிட்டுச் செத்துப்போனது. கத்திக் கூப்பிட ஊரில் ஒரு மனுஷர் இல்லை. ஆள் இல்லாத இடம்தான் வேண்டும் என்று அலைந்தவளுக்கு நல்லா வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்புறம் பாட்டில் ஞாபகம் வந்தது. சைக்கிள் பாட்டிலுக்கு மேலே மூக்கு மாதிரி ஒரு குழாய் இருக்கும், பிதுக்கினால் பீய்ச்சும். இருந்த குளுக்கோஸையெல்லாம் அதில் கொட்டிக் குலுக்கினேன். என் கை எட்டவில்லை. ஸ்டெல்லா கம்பிக்குள் தோள்வரை கையை விட்டு, அவர் உதட்டில் முதலில் ஒரு சொட்டு விட்டாள்.

நக்கினார்.

“முழுங்கறாருக்கா!”

“கொஞ்சம் கொஞ்சமா வுடு. பொறை ஏறிடப் போவுது.”

அவள் பீய்ச்சினாள், அவர் விழுங்கினார். கன்னுக்குட்டிக்குப் பால் புகட்டுகிற மாதிரி இருந்தது. ஸ்டெல்லா “யேசப்பா, யேசப்பா” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் எனக்குத் தெரிந்த எல்லா அம்மனையும் கூப்பிட்டேன். பாட்டில் முக்கால்வாசி தீர்ந்தபோது அவர் கண் எங்கள்மேல் வந்து நின்றது. முதல் தடவையாக எங்களைப் பார்த்தார்.

“யாரும்மா நீங்க?” என்றார். “உள்ள எப்டி வந்தீங்க?”

“முள்ளத் தாண்டி.”

“ஐயையோ!” என்று தலையில் அடித்துக்கொண்டார். பிழைத்ததற்கு முதல் மரியாதை அதுதான்.

ஊர் வெளியே போகிற நாள்

தட்டுத் தடுமாறி எழுந்து பின்கதவைத் திறந்துவிட்டார். ஸ்டெல்லா கொண்டுவந்திருந்த சப்பாத்தியைப் பிட்டுப் பிட்டுத் தின்றார்.  பெயர் கோவிந்தன். பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறார், காண்ட்ராக்ட். ஷிப்ட் மாற்றிவிட வருகிற ரிலீவரை அவர் கேட்டது அதனால்தான்.

“இன்னிக்கு ஊரு வெளிய போற நாளும்மா. சூரியன் கெளம்பறதுக்கு முன்ன எல்லாரும் ஆடு மாடு, நாயி கோழியோட தோப்புக்குப் போயிடணும். பொழுது சாஞ்சாத்தான் திரும்பணும். அதுவரிக்கும் ஊரு ஆத்தாளுக்கு. உள்ள ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது.”

“அப்ப நீங்க இங்க இன்னா பண்றீங்க?”

தலையைக் குனிந்துகொண்டார். நைட் ஷிப்ட் முடிந்து நேராகத் தோப்புக்குப் போவதாகத்தான் வீட்டில் பேச்சு. வண்டி ஓட்டி வரும்போதே கண் சொருகியது. ஒரு மணி நேரம் வீட்டில் கண்ணசந்துவிட்டுப் போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பைக்கை வைக்கோல்போருக்குப் பின்னால் மறைத்துவிட்டுப் தன்னிடமிருந்த சாவியால் பின்கதவைத் திறந்து நுழைந்து, உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்.

“வந்தவுடனே ஊசி போட்டுக்கினேன். சுகர் ஊசி. டூட்டி முடிஞ்சா ஊசி, அப்பறம் நாஷ்டா. கை தானா போட்டுடிச்சும்மா, பழக்கம். போட்டப்பறம் அடுப்பாண்ட போனா எல்லாம் கவுத்து வெச்சுகீது. ஊட்ல ஒரு பருக்கை இருக்கக் கூடாது, குடத்துல தண்ணி இருக்கக் கூடாது, அதான் நேமம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மறந்துட்டேன். சரி, அஞ்சு நிமிசம் படுத்துட்டு ஓடிடலாம்னு...”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊசி போட்டுக்கொண்டு, ஒரு வாய் சோறு இல்லாத வீட்டில், ஒரு உயிர் இல்லாத ஊரில், உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒருத்தர் படுத்திருக்கிறார். மாலையில் எல்லாரும் பொங்கல் சாப்பிட்டுத் திரும்பி வந்து பூட்டைத் திறந்திருப்பார்கள். 

“சுகர் ஊசி போடறவரு ஒரு குளுக்கோஸ் வெச்சுக்க மாட்டீங்களா?” என்று எரிந்து விழுந்தேன்.

“வெச்சிருந்தேம்மா. தலகாணி ஒறைக்குள்ள. முழிப்பு வந்து கைய வுட்டுப் பாத்தா காணோம். எலி இழுத்துக்கினு போயிடிச்சோ இன்னாவோ.”

“ஊட்ல சொல்லி வெச்சிருக்கலாம்ல?”

அவர் சப்பாத்தியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, “ஊட்ல தெரியாது” என்றார். “கம்பெனிலயும் தெரியாது. தெரிஞ்சா கிரேன்ல ஏத்த மாட்டான். ஊட்ல சொன்னா அவ நாலு பேராண்ட சொல்லுவா. இந்த ஊர்ல ஊட்டுக்கு ஒருத்தன் பேட்டைலதான் கீறான். சாயங்காலத்துக்குள்ள சூப்பர்வைசர் காதுக்குப் போயிடும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த ஆளைக் காப்பாற்றிய கையாலேயே ஓர் அறை விட்டிருப்பேன். ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க.”

“சாயங்காலம் போறேன். சத்தியமா போறேன். இப்ப தோப்புக்குப் போவணும். தாயி, ஒண்ணே ஒண்ணு. நான் உள்ள இருந்தத மட்டும் யாராண்டயும் சொல்லிடாதீங்க. நோம்பு கெட்டுப்போவும். ஊரே திரும்ப ஒரு நாளு லீவு போட்டு வெளிய வரணும். லீவு எவன் குடுப்பான்? எல்லாம் என் மூஞ்சில துப்புவானுங்க.”

அவர் கும்பிட்ட கையைப் பார்க்க முடியவில்லை. தோப்புவரைக்கும் நாங்களே கூட வந்து ஒப்படைப்பது, ரோட்டில் மயங்கி உட்கார்ந்திருந்தார் என்று சொல்வது, சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரி போவது என்று பேசி முடித்தோம். ஊருக்கு அந்தப் பக்கமும் முள் இருந்தது. சைக்கிளை மறுபடி தோளில் போட்டோம். இந்தத் தடவை தாண்டும்போது கால் கூசியது.

தோப்பில்

அவ்வளவு நேரம் செத்த ஊரைப் பார்த்துவிட்டு அந்த மாந்தோப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு ஊருக்கு உண்டான சத்தமெல்லாம் அங்கே இருந்தது. மரத்துக்கு மரம் மாடு கட்டியிருந்தார்கள். கூடைக்குள் கோழி. கல் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் நாய்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து குரைத்தன. அந்தக் குரைப்பு அவ்வளவு இனிமையாக இருந்தது.

கோவிந்தன் ஸ்டெல்லாவின் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்ததும் ஒரு பெண் ஓடி வந்தாள். அவர் மனைவி தேவகி.

“இன்னாய்யா ஆச்சு? எங்க போய்த் தொலைஞ்ச? எத்தினி தபா போன் பண்ணுவேன்?”

“ரோட்ல லேசா மயக்கம். இவங்கதான் கூட்டியாந்தாங்க.”

தேவகி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நல்லா இருப்பீங்கக்கா” என்றாள். எங்களைப் பாயில் உட்கார வைத்து, எவர்சில்வர் வாளியிலிருந்து மூன்று டம்ளரில் பானகம் மொண்டு வந்தாள். தோப்புக்கு வருகிற யாரும் முதலில் அதைத்தான் குடிக்க வேண்டுமாம்.

எனக்கு நாக்கு வறண்டு கிடந்தது. ஒரே மடக்கில் பாதி டம்ளரைக் குடித்தேன்.

வெல்லம், எலுமிச்சை, ஏலக்காய். அதற்கெல்லாம் கீழே, நாக்கின் ஓரத்தில் லேசான குளிர்ச்சி. தொண்டையில் மருந்துக் கடை வாசனை.

டம்ளரை இறக்கினேன். ஸ்டெல்லாவும் இறக்கினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“இதுல இன்னா போட்டிருக்க தேவகி?”

“நல்லா கீதாக்கா?” அவளுக்குச் சந்தோஷம். “ஆரஞ்சு பவுடரு. பாயி தலகாணி உதறச்சொல்ல இவரு ஒறைக்குள்ளேர்ந்து ஒரு பொட்டலம் வுழுந்துச்சு. இன்னாத்துக்கு வெச்சிருந்தாரோ! திங்கற பொருள ஊட்ல வெச்சிட்டு வரக் கூடாதுல்ல? கொட்டவும் மனசு வரல. எடுத்தாந்து பானகத்துல கரைச்சுட்டேன். ஊரே குடிச்சுது, புள்ளைங்க எல்லாம் ரெண்டு ரெண்டு டம்ளரு குடிச்சுதுங்க.”

என்னால் என்னை அடக்க முடியவில்லை. “ஐயோ, பாவி!” என்று கத்திவிட்டேன். பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

தேவகி பயந்துவிட்டாள். “ஏங்கா? இன்னா? விஷம் கிஷமா?”

கோவிந்தன் தன் டம்ளரை முகர்ந்து பார்த்தார். அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் இனி ஒரு பொய் சொன்னால் நானே உடைத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை.

“தேவகி, குந்து” என்றார். “எனக்கு சுகரு. ஊசி போட்டுக்கினு கீறேன். எறங்கிப்போச்சுன்னா அந்தப் பவுடரத்தான் வாயில போடணும். அதுக்குத்தான் தலமாட்டுல வெச்சிருந்தேன்.”

அவள் உட்காரவில்லை. “எத்தினி நாளா?”

“ரெண்டு வருசமாவுது.”

“அதுக்குத்தான் டெய்லி பாத்ரூம்ல தாப்பா போட்டுக்கினு நிப்பியா?” அவள் குரல் உடைந்தது. “நான், நீ எவளாண்டயோ போன்ல பேசிக்கினு கீறன்னு நெனச்சேன்யா. ரெண்டு வருசமா அப்டித்தான் நெனச்சுக்கினு சோறு போட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை.  ஒரே வீட்டில் ஒருத்தர் ஊசியை ஒளித்திருக்கிறார், ஒருத்தி சந்தேகத்தை ஒளித்திருக்கிறாள்.

பிறகு அவள் முகம் மாறியது. “ஊசி எங்க வெச்சிருக்க?”

“பரண் மேல, ஹெல்மெட் டப்பால...” சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்கும் புரிந்தது: ஊசி வீட்டில் என்றால், காலையில் போட அவர் ஊருக்குள் போயிருக்க வேண்டும்.

“இன்னிக்குக் காலைல போட்டியா?”

அவர் எங்களைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் உள்ளே இருந்ததைச் சொல்வதில்லை என்றுதான் பேசி முடித்திருந்தோம்.

தேவகி மெதுவாக ஊர் இருக்கிற திசைக்குத் திரும்பினாள். கவிழ்த்து வைத்த குடங்களை, பூட்டிய கதவை, அவள் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தாள் என்று நினைக்கிறேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அதற்குள் பூசாரி வந்துவிட்டார். “இன்னாம்மா கூச்சல்? நல்ல நாளும் அதுவுமா?”

கோவிந்தன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினார். ஒரு மயக்கம், ஒரு வெயில், ஏதாவது ஒன்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். தேவகி கையை உதறிவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். பூசாரியைப் பார்த்து, தோப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினாள்.

“நைனா, என் வூட்டுக்காரு காலைல ஊருக்குள்ள இருந்தாரு. சுகர் ஊசி போட்டுக்கினு, திங்க ஒண்ணுமில்லாம, சாவக் கெடந்திருக்காரு. அவரு உசுருக்கு வெச்சிருந்த பொட்டலத்த எடுத்தாந்து நான்தான் உங்க எல்லாருக்கும் கரைச்சுக் குடுத்தேன்.”

“நாங்களும் முள்ளத் தாண்டி உள்ள வந்தோம்” என்றேன். அதை மட்டும் ஒளித்து வைப்பானேன்?

 பூசாரி தலையில் கை வைத்துக்கொண்டார். யாரோ ஒருத்தர், “அப்ப நோம்பு?” என்றார். “திரும்ப ஒரு தபா வெளிய வரணும்” என்றார் பூசாரி. “அடுத்த வாரம் எனக்கு ஏ ஷிப்ட்டு, லீவு தர மாட்டான்” என்று ஒரு குரல். “இவன் ஒருத்தனால ஊருக்கே பேஜாரு” என்று இன்னொரு குரல். கோவிந்தன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“வரலாம்” என்றாள் தேவகி. “பத்து தபா வேணும்னாலும் வரேன். இன்னிக்கு சாயங்காலம் நான் பூட்டத் தொறந்தா உள்ள பொணம் கெடந்திருக்கும். அதுக்கு ஒரு பதில் சொல்லிட்டு அப்பறம் நோம்பப் பத்திப் பேசுங்க.”



மாமரத்துக்குப் பின்னால், மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த ஒருத்தர் நிமிர்ந்தார். அவரும் பேட்டைக்காரர்தான், வேறொரு கம்பெனியின் சட்டை.  கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார்.

“எனக்கும் ஊசிதான்” என்றார்.

அடுப்பில் பொங்கல் கிளறிக்கொண்டிருந்த பெண் கரண்டியோடு அப்படியே திரும்பினாள். அவள் அவருடைய மனைவி.